தொண்ணூற்றாறு ஃபிரேம்கள்

கேள்வி இதுதான்:
அன்றிரவு கிடங்கின் பின்கதவை
வெளியிலிருந்து பூட்டினீர்களா?

பதில் ஒரே சொல். இல்லை.

இரண்டுக்கும் நடுவே
காவலாளி இமாண்ட்ஸின் முகம்,
தொண்ணூற்றாறு ஃபிரேம்கள்.
நொடிக்கு இருபத்துநான்கு என்று வகுத்தால்
நான்கு நொடி.
ஒரு மனிதன் பொய்யைத் தேடி எடுக்க
தாராளமாகப் போதும்.

லியெபாயாவில் பிப்ரவரி.
எடிட்டிங் அறை ஜன்னலில்
உப்பும் பனியும் சேர்ந்து அப்பியிருந்தன.
ஹீட்டர் மேல் என் கையுறைகள் காய்ந்துகொண்டிருக்க
முதலில் அந்த நான்கு நொடியையும் வெட்டிப் பார்த்தேன்.
கேள்வி. வெடுக்கென்று பதில்.
கொஞ்சம் முரடு, ஆனால் நேர்மையான ஆள்.
பாதியைத் திரும்ப வைத்தேன்.
களைத்துப்போன ஆள்.
முழுவதையும் வைத்து, அதன் வாலில்
கருகிய ஒற்றைக் காலணியை ஒட்டியதும்
டைகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.
"தொடாதே. இப்படியே இருக்கட்டும்."
அவள்தான் இயக்குநர்.
எனக்கும் புல்லரித்தது. மறைக்க மாட்டேன்.

காலணியைப் படம்பிடித்தது நவம்பரில்,
அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்.
முகத்தை எடுத்தது அதற்கு முந்தைய ஜூனில்.
அவர் அந்தக் காலணியைக் கண்டதே இல்லை.
திரையில்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது.
மூல ஒலியில் அந்த நான்கு நொடி
அமைதியே அல்ல.
துறைமுகத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல் கிளம்புகிறது,
அதன் ஊதல் அறைச் சுவர்வரை வந்து முட்டுகிறது.
ஒலிப்பதிவாளன் ராய்விஸ் ஹெட்போனை அழுத்திக்கொண்டு
கையை உயர்த்துகிறான்: பொறுங்கள்.
இமாண்ட்ஸ் பொறுத்தார்.
சொன்னால் கேட்கிற மனிதர்.
அவர் கண் அந்தக் கைப்பக்கம் போய்த் திரும்புகிறது.
கை ஃபிரேமுக்கு வெளியே.
கை இல்லாத படத்தில்
அதற்குப் பெயர் வேறு:
பார்வையைத் தவிர்த்தல்.

ஊதலை அழித்தது நான்தான்.
அதே அறையின் வெற்று ஒலியை
வேறோர் இடத்திலிருந்து நான்கு நொடி கிள்ளிவந்து
ஓட்டையை அடைத்தேன்.
தையல் தெரியவில்லை.
என் வேலையே தையல் தெரியாமல் இருப்பது.

பூட்டினாரா?
எனக்குத் தெரியாது.
உள்ளே உறங்கிய இரண்டு பையன்களுக்குத் தெரிந்திருக்கும்.
சாவி இன்றுவரை கிடைக்கவில்லை,
வழக்கும் அந்த இடத்திலேயே நிற்கிறது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எந்த ஃபிரேமில் தொடங்கினால்
ஒரு கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது.

ஏப்ரலில் கலாச்சார மன்றத்தில் முதல் திரையிடல்.
மூன்றாம் வரிசையில் இமாண்ட்ஸ்,
மடிப்புக் கலையாத சட்டையில்.
பக்கத்தில் அவர் மனைவி வெல்தா.
அந்த நான்கு நொடி வந்தபோது
பின்வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்தினார்.
நான் திரையைப் பார்க்கவில்லை, வெல்தாவைப் பார்த்தேன்.
அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை.
நாற்காலியின் கைப்பிடியில்
அவர் கையை ஒட்டியிருந்த தன் கையை
மெல்ல மடிக்கு எடுத்துக்கொண்டாள்.
அவ்வளவுதான்.
அதை யாராவது படம்பிடித்துத் தந்திருந்தால்
குளோசப்பாக வைத்திருப்பேன்.
இப்படி நினைத்தேன் என்பதையும்
எழுதிவைக்கிறேன்.

கோட்டுகள் வாங்கும் வரிசையில்
அவராகவே என்னிடம் வந்தார்.
திட்டுவார் என்று நின்றேன்.
"நான் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்?"
புது ஊரில் வழி கேட்பவரின் குரல்.

"கப்பல் ஊதியது," என்றேன்.
"காத்திருக்கச் சொன்னோம். ராய்விஸ் கை காட்டினான்.
நீங்கள் காத்திருந்தீர்கள்."

யோசித்தார். நெற்றி சுருங்கி விரிந்தது.
எத்தனை நொடி என்று
இந்த முறை நான் எண்ணவில்லை.

"இல்லை," என்றார்.
"கப்பல் எதுவும் ஊதவில்லை.
இப்போதுதானே பார்த்தேன்."